சுண்டைக் கசத்துச் சேலை

மருதம்பேரிக்காரனைப் பிடித்து, உங்கள் ஊரில் குளிக்க நல்ல இடம் எது என்று வெளியூர்க்காரன் எவனாவது கேட்டுவிட்டால் போதும், கொஞ்சம்கூட முகம் கோணாமல் அவனைப் பெரிய அருவிக்குப் பஸ் ஏற்றி விடுவான். அங்கே வண்டி நிறுத்த இடமுண்டு, மிளகாய் பஜ்ஜி உண்டு, எண்ணெய் தேய்த்துவிட ஆள் உண்டு, ஆயிரம் பேர் ஒன்றாக நின்று ஒருத்தர் அழுக்கை ஒருத்தர் வாங்கிக்கொள்ளும் வசதியும் உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டு, பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, புறவாசல் கதவைத் திறந்து, வாழைத்தோப்பு வழியாக, கால்வாய்க் கரை வழியாக, தேக்குக் காட்டுக்குள் நுழைந்து, ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று துப்புகிற நேரத்துக்குள் தன் தெருவுக்கென்று இருக்கிற கசத்தில் போய் விழுந்து கிடப்பான்.

மலையிலிருந்து இறங்குகிற ஓடை பாறை இடுக்கில் தேங்கி ஆழமாய் நிற்கிற இடத்துக்குத்தான் அங்கே கசம் என்று பெயர். மேலத்தெருவுக்கு யானைக்கால் கசம். நெசவுத் தெருவுக்கு மஞ்சக் கசம், அதில் முங்கி எழுந்தால் வெள்ளை வேட்டி லேசாக மஞ்சள் அடிக்கும். பள்ளிக்கூடத் தெருவுக்கு முழங்கால் ஆழத்தில் ஒரு சோம்பேறிக் கசம், நீந்த முடியாது, எருமைபோலப் படுத்துக் கிடக்கலாம். வடக்குத் தெருவுக்குச் சுண்டைக் கசம். கரையெல்லாம் சுண்டைச் செடி, நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல்லின் நிறம் மேலேயிருந்து தெரியும். இதில் எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது, வைக்க விடவும் மாட்டார்கள்.

சுண்டைக் கசத்துக்குப் போகிற பாதை தேக்குக் காட்டைத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். பிரிகிற இடத்தில் ஒரு நாவல் மரம். ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் ஒரே தண்ணீரில் இறங்குகிற நாகரிகம் அந்தத் தெருவுக்கு இன்னும் வந்து சேராததால், பெண்கள் குளிக்கப் போகும்போது முதலில் போகிறவள் ஒரு பழைய சேலையை அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் போட்டுவிட்டுப் போவாள், கடைசியில் திரும்புகிறவள் அதை எடுத்துக்கொண்டு வருவாள். கிளையில் சேலை தொங்கினால் எந்த ஆம்பளையும் அதைத் தாண்டி ஓரடி வைக்கமாட்டான். அது யார் வீட்டுச் சேலை என்று உற்றுப் பார்ப்பதுகூட மரியாதை இல்லை, தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான். குடித்துவிட்டுப் பொண்டாட்டியை அடிக்கிறவன்கூட அந்தச் சேலைக்குக் கட்டுப்பட்டான். வடக்குத் தெரு ஆம்பளைகளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான், அதைச் சொல்லிச் சொல்லியே வேறு பெருமை எதையும் சம்பாதிக்காமல் காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

இந்த வடக்குத் தெருவில்தான் மந்திரமூர்த்தி பொண்டாட்டி ஆவுடைத்தங்கத்தை, ஆனி மாதச் சாரல் பிடித்திருந்த ஒரு காலையில், தண்ணீர் தொடாமல் விட்டுவிட்டது. முகம் கழுவக் கையில் அள்ளினாள், அள்ளிய தண்ணீர் உள்ளங்கையில் படாமல் விரலுக்கு வெளியே வழிந்து போயிற்று. செம்பை எடுத்துத் தலையில் ஊற்றினாள், சோற்றில் எதையோ கண்டுவிட்டவன் கையை இழுத்துக்கொள்கிற மாதிரி தண்ணீர் அவளைச் சுற்றி ஒதுங்கி இறங்கித் தரையெல்லாம் நனைத்துவிட்டு அவள் பாதத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போயிற்று. குடிக்கிற தண்ணீர் தொண்டையில் இறங்கியது, அதில் குறையில்லை. உடம்பின் மேல்தான் படவில்லை. ஆவுடை ஏன் என்று யோசிக்கவில்லை, அவளுக்குத் தெரியும். ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு குளித்தவள் மாதிரி வெளியே வந்தாள்.

எத்தனை நாளைக்குத் துண்டு காப்பாற்றும்? அம்மன் சப்பரம் தெருவுக்குள் வந்த அன்றைக்குச் சாரல் ஓங்கி அடித்தது. மேளக்காரர் நனைந்தார், பூசாரி நனைந்தார், அம்மனும் நனைந்தாள், தட்டத்தோடு நடுத்தெருவில் நின்ற ஆவுடை மட்டும் காய்ந்த கண்டாங்கியும் வாடாத பிச்சிப்பூவுமாக நின்றாள். "ஏட்டி ஆவுடை, நீ மட்டும் எங்கட்டி ஒதுங்கி நின்ன?" என்று மாமியார் கேட்டாள். அவள் பதில் சொல்லுமுன் கொழுந்தன் பொண்டாட்டி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி அவள் மேல் கொட்டிப் பார்த்தாள், பின்னால் நின்றவர்கள் எல்லாம் தொப்பலாக நனைந்தார்கள். ஒரு நிமிஷம் மேளம் நின்றது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவ்வளவு சுத்தம்யா இந்தப் பிள்ளை. தண்ணியே தொட யோசிக்கி, பாத்தியளா?" என்றார். மேளம் மறுபடி தொடங்கியது.

அவ்வளவுதான், ஊர் அதை எடுத்து வைத்துக்கொண்டது. ஏன், எப்படி என்று ஒருத்தரும் மண்டையை உடைக்கவில்லை. மொட்டைமாடியில் வத்தல் காயப் போட்டவர்கள் மழை வந்தால் ஆவுடையை அனுப்பி வத்தலை எடுக்கச் சொன்னார்கள், அவள் பொத்திக் கொண்டுவந்த தட்டில் ஒரு சொட்டு இருக்காது. பிறந்த பிள்ளைக்கு முதல் தண்ணீர் ஊற்ற அவளைக் கூப்பிட்டார்கள். புதுவீட்டில் பால் காய்ச்சினால் அவள் கையால் அடுப்புப் பற்றவைத்தார்கள். கசத்தில் மூக்குத்தி விழுந்தால், கொலுசு விழுந்தால், பல்செட்டு விழுந்தால், ஆவுடை இறங்குவாள். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகிக் கிணறு மாதிரி நிற்க, காய்ந்த கூழாங்கல்லின் மேல் செருப்புக் காலோடு நடந்து போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவாள், தண்ணீர்ச் சுவருக்குள்ளிருந்து கெண்டை மீன்கள் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அறுபது வயதுக்காரர்களும் அவளை ஆத்தா என்றார்கள். அண்ணன் தம்பி சண்டையில் ஆத்தா ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் இருந்த ஒரே குளியலறையின் முன்னால் அத்தனை காலமும் வாளியோடு நின்று செருமிக்கொண்டிருந்த மாமியார், "ஆத்தா குளிச்சிட்டு வரட்டும், பெறவு நாம குளிப்போம்" என்று குளிக்கவே வேண்டாதவளுக்கு முதல் உரிமை கொடுத்தாள். அடப்பாவி மக்களா, அந்த உரிமையில் கால்வாசி முன்பே கொடுத்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

ஏனென்றால், எல்லாம் அந்தக் குளியலறையில் தொடங்கியதுதான். ஆவுடைக்குத் தண்ணீர் என்றால் உயிர். பிறந்த வீட்டில் ஆற்றோரமாய் வளர்ந்தவள், மல்லாந்து மிதந்துகொண்டே தூங்கக்கூடத் தெரிந்தவள். வாழ வந்த வீட்டில் கூட்டமோ கூட்டம், குளியலறைக் கதவைச் சாத்தினால் யாராவது தட்டுவார்கள். காலையில் பெண்களோடு கசத்துக்குப் போனால் சோப்பு கடன் கேட்பவள் ஒருத்தி, மாமியாரைத் திட்டுபவள் ஒருத்தி, பிள்ளையைப் போட்டு மொத்துபவள் ஒருத்தி, நீச்சல் எங்கே நடக்கும்? பெண்கள் போன பிறகு மத்தியானத்துக்கு மேல் கசம் ஆம்பளைகளுடையது. அதனால் ஆவுடை ஒரு வேலை செய்தாள். காலையில் கடைசியாகத் திரும்புகிறவள் அவளாகவே இருந்துகொண்டு, கத்தரிப்பூ நிறத்தில் இருந்த தன் பழைய சேலையைக் கிளையிலிருந்து எடுக்காமல் விட்டுவிட்டு வந்தாள். மூன்று மணிக்கு வீடு உண்ட மயக்கத்தில் கிடக்கும்போது நழுவிப் போனால் கசம் ஈ காக்காய் இல்லாமல் அவளுக்காகவே கிடக்கும். ஆம்பளைகள் சேலையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போயிருப்பார்கள். ஆவுடை மிதப்பாள், முங்குவாள், காலால் தண்ணீரை அடிப்பாள், பிறகு சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வருவாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தாள்.

ஒரு நாள் அப்படிச் சேலை தொங்கிக்கொண்டிருக்கையில், மதினி வீட்டு ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார்கள். ஆவுடை அடுப்படியில் மாட்டிக்கொண்டாள். அதே நாள் மத்தியானம் தளவாய், பஸ் நிலையத்தருகே மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற பையன், கல்யாணம் நிச்சயமாகிப் பூ வைத்திருந்த பையன், மலைமேல் தோட்டத்தில் ஒரு மோட்டாரைச் சரிபார்த்துவிட்டு ஓடை வழியாகவே இறங்கி வந்தான். நாவல் மரத்துப் பாதையில் வராததால் சேலையை அவன் பார்க்கவேயில்லை. கசத்துக்கு மேல் பாறையில் பாசி வழுக்கியது, கால் இரண்டு பாறைக்கு நடுவில் சிக்கி முறிந்தது. கத்தினான். நாவல் மரத்தடிக்கு வந்திருந்த அவன் கூட்டாளிகள் இரண்டு பேருக்கு அது நன்றாகவே கேட்டது.

"ஏலே, இது நம்ம தளவாய் சத்தம்லா?" என்றான் ஒருவன்.

"சேலை தொங்குதுல்லா, மேல பாரு" என்றான் மற்றவன்.

சேலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆம்பளைக் குரல் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "பூ வச்ச பய இப்படியா? சவத்த விடு, நாம பாக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல" என்று காதைப் பொத்தாத குறையாகத் திரும்பி நடந்தார்கள். பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்று தீர்மானித்தவர்கள் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தலை கால் வைத்து முழுக் கதையாக்கிவிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் ஆவுடைக்கு விருந்தாளிகளிடமிருந்து மூச்சு விட முடிந்தது. சேலை ஞாபகம் வந்ததும் ஓடினாள். கிளையிலிருந்து சேலையை இழுக்கும்போது கை வளையல் சலசலத்தது, உடனே மரத்துக்கும் கசத்துக்கும் நடுவில் இருந்த மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "யாரு அது? தாயி, ஒரு ஆளைக் கூப்பிட்டு விடுங்க." ஆவுடை நின்றாள். ஆளைக் கூப்பிட்டால் முதல் கேள்வி, இந்த நேரத்தில் நீ எதற்கு அங்கே போனாய் என்பது. அடுத்த கேள்வி, சேலை யாருடையது என்பது. மறுபடியும் குரல் வந்தது. சேலையைச் சுருட்டி மாரோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து விருந்தாளிகளுக்குத் தோசை சுட்டாள். யாராவது போவார்கள், யாராவது பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு தோசைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரும் போகவில்லை. விடியற்காலம் குளிக்கப் போன பெண்கள்தான் அவனைக் கண்டு அலறினார்கள். அவனைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு தெரு வழியாகப் போகும்போதுதான் ஆவுடை முகம் கழுவத் தண்ணீர் அள்ளினாள்.

தளவாய் உள்ளதைச் சொன்னான். கசத்தில் யாரும் இல்லை என்றான். "எவ்வளவு கெட்டிக்காரன், அவளைக் காட்டிக்குடுக்கானா பாரு" என்றார்கள். சாயங்காலம் யாரோ வந்தார்கள், வளையல் சத்தம் கேட்டது என்றான். "அப்படிப் போடு! வளையல் வந்துட்டுல்லா" என்றார்கள். அவன் சொன்ன உண்மையே அவன் கழுத்தில் கயிறாக விழுந்தது. பூ வைத்த பெண் வீட்டார் பூவைத் திருப்பி அனுப்பினார்கள். கால் வளைந்து கூடியது. சேலைக்காரன் என்று பட்டப்பெயர் வந்தது. அந்தச் சேலைக்காரி யார் என்று தெருவில் ஒருத்தரும் துருவவில்லை, தங்கள் வீட்டிலேயே வந்து முடிந்துவிடுமோ என்று எல்லாருக்கும் பயம். வருஷங்கள் போகப் போகத் தளவாய்க்கே சந்தேகம் வந்து, வலியில் மனசு கலங்கி எதையோ கேட்டிருப்பேன், வளையலும் இல்லை, ஆளும் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தான். அதையும் யாரும் நம்பவில்லை.

ஆவுடைக்கு இதெல்லாம் தெரியும். பஸ்ஸுக்குப் போகும்போது அவன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளைக் கண்டதும் தளவாய், கையிலிருக்கிற ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வளைந்த காலை ஊன்றிக் கஷ்டப்பட்டு எழுந்து, "வாங்க ஆத்தா" என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவான். அந்தக் கும்பிடு ஒவ்வொரு தடவையும் அவளைச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். அவமானத்தில் உடம்பு பற்றி எரியும், வீட்டுக்கு வந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தோன்றும், ஊற்றினால் தண்ணீர் ஒதுங்கிப் போகும். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறாள். சொன்னால், சேலைதான் என்னுடையது, உள்ளே நான் இல்லை என்பதை எந்த மடையன் நம்புவான்? மந்திரமூர்த்தி பொண்டாட்டியும் சேலைக்காரனும் என்றுதான் ஊர் பேசும். அதனால் வாயை மூடிக்கொண்டாள். மூட மூட ஊர் அவளை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்தது.

கடைசியில் கிழக்கே கரிசல் பக்கமிருந்து தளவாய்க்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் சீனித்தாய். பேச்செல்லாம் முடிந்து தேதி குறிக்கப் போகிற சமயத்தில் யாரோ புண்ணியவான் சேலைக் கதையைப் பெண் வீட்டார் காதில் போட்டுவிட்டான். பெண்ணின் அம்மா விசாரித்தாள். இந்த ஊரில் தண்ணீரே தொட யோசிக்கிற ஓர் ஆத்தா இருக்கிறாள், அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று எல்லாரும் கை காட்டினார்கள். ஒரு நாள் காலையில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஆவுடை வீட்டுக்கே வந்துவிட்டாள். விஷயம் தெரிந்து தெருவே முற்றத்தில் கூடியது. தளவாயும் வந்து வாசல் நடையைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றான்.

"தாயி, நான் கேக்குதது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் பெண்ணின் அம்மா. "அன்னைக்கு அந்தப் பையன்கூட இருந்தவ யாரு? அவ இன்னமும் இந்த ஊருலதான் இருக்காளா? எம்பிள்ளையப் பாழுங்கிணத்துல தள்ளிட்டுப் போயிரக்கூடாதுல்லா."

ஆவுடை கொழுந்தன் பொண்டாட்டியைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பெருமையில் மீசையைத் தடவிக்கொண்டு நின்ற மந்திரமூர்த்தியைப் பார்த்தாள். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பெண்ணும் போய்விடும். தளவாய் இப்படியே ஸ்பேனரோடு கிழவனாகிவிடுவான், தன்னைக் கண்டால் எழுந்து கும்பிட்டுக்கொண்டே.

"யாரும் இல்ல" என்றாள். "அந்தப் பையன் தனியாத்தான் கிடந்தான். சேலை என்னுது. நான் சும்மா போட்டுட்டு வந்த சேலை. நான் அடுப்படியில நின்னேன்."

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு எழுந்தாள். "எம் மருமவ மனசப் பாத்தியளா! ஒரு பிள்ளைக்கு வாழ்வு அமையணும்னு பழியத் தூக்கித் தன் தலையில போடுதாளே!" அவ்வளவுதான், கூட்டம் உருகிவிட்டது. இல்லை, நிஜமாகவே என்னுடையதுதான், கத்தரிப்பூ நிறம், மதினி வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள் என்று ஆவுடை சொல்லச் சொல்ல, "தெரியும் ஆத்தா, தெரியும்" என்று கும்பிட்டார்கள். பெண்ணின் அம்மா குனிந்து அவள் காலைத் தொட்டாள். இப்படிப்பட்ட தெய்வம் ஒருத்தனுக்காக இவ்வளவு தூரம் சொன்னால் அவன் நல்லவனாகத்தான் இருப்பான், கல்யாணத்தை முடித்துவிடுவோம் என்றாள்.

ஆவுடைக்கு அப்போது மனசு லேசானது. சொல்லியாயிற்று. கல்யாணமும் நடக்கும். நம்பவில்லை என்றால் அதற்கு அவள் என்ன செய்வாள்? சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அடுத்த நொடியே தன்னைத்தானே வைதுகொண்டாள்.

வெளியே நின்ற தளவாய் கும்பிடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேலைய எப்ப எடுத்திய?" என்றான்.

"சாயங்காலம்" என்றாள். "விளக்கு வைக்கிற நேரம்."

"வளையல் சத்தம்?"

"என்னுதுதான்."

"நான் கூப்பிட்டேன்" என்றான் தளவாய்.

தெரு முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்கவில்லை என்று சொல்ல இன்னும் இடமிருந்தது.

"கேட்டுது" என்றாள் ஆவுடை. "ரெண்டு தரம் கேட்டுது."

அதை எல்லாரும் நம்பினார்கள். அவளை ஆத்தாவாக்கித் தியாகமென்று நினைத்துக்கொள்ள அதில் இடமே இல்லை. தளவாய் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அப்ப எனக்கு மனசு ஒண்ணும் கலங்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தெருவில் நடந்து போனான். பெண்ணின் அம்மா அவள் காலைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சீனித்தாய் மட்டும் எழுந்து, யாரையும் கேட்காமல் தளவாய் போன திசையிலேயே போனாள்.

அதற்குப் பிறகு யாரும் ஆவுடையை அடிக்கவில்லை, வையவில்லை. அதையாவது செய்திருக்கலாம். ஆத்தா அக்காவாயிற்று, அக்கா ஆவுடையாயிற்று, அப்புறம் ஏட்டியாயிற்று. குளியலறை முன்னால் மாமியார் பழையபடி நின்று செருமினாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா" என்று மந்திரமூர்த்தி சொன்னான், அதற்குப் பிறகு அவளிடம் சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் மாறவில்லை. கொலுசு விழுந்தால் இப்போதும் அவளைத்தான் கூப்பிட்டார்கள், "போய் எடுத்திட்டு வா" என்றார்கள், கொடுத்தால் வாங்கிக் கழுவிப் போட்டுக்கொண்டார்கள். மழை வந்தால் வத்தலை அவர்களே நனைந்துகொண்டு எடுத்தார்கள்.

தளவாய் கல்யாணம் நடந்தது. ஆவுடை வீட்டுக்கும் பத்திரிகை வந்தது, அவளைத் தவிர எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

தாலிக்கயிற்று மஞ்சள் வெளுக்காத சீனித்தாய், ஒரு நாள் மூன்று மணிக்கு, தோளில் துண்டோடு ஆவுடை வீட்டுப் புறவாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கசத்துக்கு வழி காட்டுங்க" என்றாள். "எங்க ஊருல குடிக்கவே தண்ணி கிடையாது, இதெல்லாம் நான் பாத்ததில்ல."

ஆவுடை கதவைச் சாத்தப் போனாள். ஆனால் அக்கா என்று அவளை யாரும் அழைத்து எவ்வளவோ காலமாகியிருந்தது. வாழைத்தோப்பு வழியாக, கால்வாய்க் கரை வழியாக, தேக்கு இலைகள் மொறுமொறுக்க இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். நாவல் மரத்தடியில் சீனித்தாய் தான் கொண்டுவந்த சேலையைக் கிளையில் போட்டாள், அந்த வழக்கத்தை யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மேட்டில் ஏறினார்கள். கசம் வெயிலில் பச்சையாய்க் கிடந்தது. சீனித்தாய் அதைப் பார்த்தாள், இறங்கவில்லை.

"அவுக எங்கக்கா கிடந்தாவ?"

ஆவுடை பாறையைக் காட்டினாள்.

"அவுக உங்களைக் குத்தம் சொல்லுததில்ல" என்றாள் சீனித்தாய். "நான்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். அதுக்கு அவுக, மத்தியானம் எனக்குத் தொண்டை இருந்துச்சு, சாயங்காலம் கத்திக் கத்திக் குரல் கட்டிப் போச்சு, ஓடைச் சத்தத்துல அந்தம்மாவுக்கு மாடு முனங்குத மாதிரிதான் கேட்டிருக்கும், மனசு பொறுக்காம கேட்டுதுன்னு சொல்லிட்டாவ, அப்படிங்காவ. ராத்திரி திடுக்குனு முழிச்சா அதையேதான் சொல்லுதாவ. நெசமா அப்படித்தானான்னு எனக்குத் தெரியணும்லா. நீங்க அந்தப் பாறையில போய் உக்காருங்க. நான் மரத்தடியில போய் நிக்கேன். அவுக கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்க. குரல் கட்டுத வரைக்கும் கூப்பிடுங்க."

மாட்டேன் என்று ஆவுடை எந்த வாயால் சொல்வாள்? கசத்துக்குள் இறங்கினாள், தண்ணீர் விலகி வழிவிட்டது, காய்ந்த கூழாங்கல்லில் நடந்து அந்தக் கரையேறிப் பாறை இடுக்கில் போய் உட்கார்ந்தாள். சீனித்தாய் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தாள்.

"யாரு அது?" என்றாள் ஆவுடை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "யாரு அது? தாயி, ஒரு ஆளைக் கூப்பிட்டு விடுங்க." ஓடை சலசலத்துக்கொண்டிருந்தது, மேட்டில் எதுவும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். வெட்கம் விட்டுக் கூப்பிட்டாள், தொண்டை நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள், ஒரு ஆள் அங்கே நிற்கிறது என்று தெரிந்தும் அந்த ஆள் வரவில்லை என்பது என்ன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பாறையிலிருந்து வெயில் இறங்கிப் போயிற்று. போதும் என்று யாரும் சொல்லாததால் நிறுத்தவும் தெரியாமல், தாயி, தாயி என்று கூப்பிட்டாள், கடைசியில் குரல் கம்மி, வெறும் காற்றாக, மாடு முனங்குகிற மாதிரி ஏதோ ஒன்றுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

அப்புறம்தான் சீனித்தாய் மேட்டின் மேல் வந்து நின்றாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"கேக்குதுக்கா" என்றாள். "கடைசியாக் கூப்பிட்டியளே, அதுகூடக் கேக்குது."